ஹரகத்தும் பரகத்தும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு ஒரு புறம் நேரு வீதி. பிரெஞ்சு ஆட்சியில் அதற்கு துய்ப்ளெக்ஸ் வீதி என்று பெயர். மறுபுறம் ரங்கப்பிள்ளை வீதி. அங்காடிக்கு அரசு வைத்திருக்கும் பெயர் குபேருடையது. செல்வத்துக்கு அதிபதியான குபேரன் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வதுண்டு, ஆனால் அவர் 1963இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேர். ஓர் ஆளுநர், அவருடைய துபாஷி, ஒரு முதலமைச்சர் என மூவரின் பெயர்கள் சூழ்ந்த அந்த இடத்தில், யார் பெயரையும் தாங்காமல் ஒரு மொழி இன்னமும் புழங்கிக்கொண்டிருக்கிறது. தராசு பாரசீகச் சொல். பஜார் பாரசீகம், கம்மி பாரசீகம். குமாஸ்தா என்றால் அமர்த்தப்பட்டவர். ரசீது என்பது 'வந்து சேர்ந்தது' என்று பொருள்படும் இறந்தகால வினைமுற்று. ஒரு துண்டுத்தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைக்கும்போது நாம் ஒரு முழு வாக்கியத்தை வாங்கி வைக்கிறோம்.

இப்படிப் பாதி தெரிந்த மொழியாகவே பாரசீகம் தமிழ் வாசகனுக்கு அறிமுகமாகிறது. அதைக் கற்கத் தொடங்குபவர் விரைவிலேயே சந்திக்கும் பழமொழி ஒன்று உண்டு: "அஸ் தோ ஹரகத், அஸ் குதா பரகத்." உன்னிடமிருந்து அசைவு, இறைவனிடமிருந்து பெருக்கம். உழைப்பின் சிறப்பைச் சொல்ல ஈரானியர் இன்றும் கையாளும் தொடர் இது. வட இந்தியாவில் உருது பேசுவோர் இதைச் சுருக்கி, 'ஹரகத்தில் பரகத்' என்ற அளவில் வைத்துக்கொண்டார்கள்.

இதைத் தமிழாக்கச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் 'நீ உழைத்தால் இறைவன் தருவான்' என்றுதான் எழுதுவோம். அந்த '-ஆல்' விகுதி மூலத்தில் இல்லை. வினைச்சொல்லே இல்லை. இரண்டு பெயர்ச்சொற்கள், இரண்டு முறை 'இடமிருந்து', அவ்வளவுதான். யார் பங்கு எது என்று பிரித்துக் காட்டிவிட்டு வாக்கியம் நின்றுவிடுகிறது. முதல் பங்கைச் செலுத்தினால் இரண்டாவது கட்டாயம் வரும் என்ற உறுதிமொழி எதையும் அது தரவில்லை. பாரசீகத்திலேயே வேறொரு வழக்கு உண்டு. அதில் வருத்தத்தைக் குறிக்கும் 'ரஞ்ச்' என்ற சொல்லும் புதையலைக் குறிக்கும் 'கஞ்ச்' என்ற சொல்லும் எதுகையாக அமைந்து, ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்று கறாராகக் கணக்குப் பேசும். (தில்லியின் தரியாகஞ்சிலும் லக்னோவின் ஹஸ்ரத்கஞ்சிலும் இருப்பது இந்தக் கஞ்ச்தான்; இந்தியாவுக்கு வந்த புதையல் சந்தையாகிவிட்டது.) அது வணிகனின் மொழி. நம் பழமொழியின் மொழி வேறு.

ஹரகத், பரகத் இரண்டுமே அரபு வேர் கொண்டவை. ஓதப் பழகும் பிள்ளைகளுக்கு ஹரகத் என்பது எழுத்தின் மேலும் கீழும் இடும் உயிர்க்குறி. அது இல்லாத எழுத்து அசையாமல் நிற்கும். நாம் மெய் என்றும் உயிர் என்றும் சொல்வதை அவர்கள் அசைவு என்ற சொல்லால் சொல்கிறார்கள். பரகத்தோ தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் கடைகளிலும் 'பரக்கத்' என அன்றாடம் புழங்குவது. அதைத் தொகையால் அளக்க முடியாது. நூறு ரூபாயில் பரக்கத் இருக்கலாம், லட்சத்தில் இல்லாமற் போகலாம். உள்ளது போதுமானதாக நீள்வதற்குத்தான் அந்தப் பெயர்.

திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரம் இதற்கு எதிர்த்திசையில் நிற்பது. தெய்வத்தால் ஆகாதபோதும் முயற்சிக்கு அதற்குரிய பலன் உண்டு என்பது வள்ளுவர் நிலை. பலன் உழைப்பிலேயே அடங்கியிருக்கிறது. மேலிருந்து எதுவும் வரவேண்டியதில்லை. எனக்கு வள்ளுவர் கூற்று நெஞ்சுக்கு உரமூட்டுவது. ஆனால் வரலாற்றைப் படிக்கும்போது பாரசீகப் பழமொழியே நடந்ததை நெருங்கிச் சொல்வதாகத் தோன்றுகிறது. 1755இன் பிற்பகுதியில் புதுச்சேரியில் இருந்த இருவரை வைத்து அதைப் பார்க்கலாம்.

ஒருவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அந்நாளில் பிரெஞ்சுக் கம்பெனிக்கும் நவாபுகளுக்கும் நிஜாமுக்கும் இடையே ஓடிய மொழி பாரசீகம். வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் மதனானந்த பண்டிதர் என்பவர் இருந்ததை நாட்குறிப்பு காட்டுகிறது. அந்த மொழி கொண்டுவந்த சொற்களில் வெகுமதிகளின் வரிசை நீளமானது: இனாம், ஜாகீர், மன்சப், பக்ஷீஸ். கூடவே சிபாரிசு. பிள்ளைக்கு முசாபர் ஜங் மூவாயிரம் குதிரைக்குரிய மன்சப் தந்தார். காகிதத்தில் குதிரைகள் நிறையவே இருந்தன. 1756இல் பதவி போயிற்று. 1761 ஜனவரியில், நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு, அவர் மறைந்தார். வென்றவர்கள் நகரை இடித்தார்கள். அவர் பெற்ற பட்டங்களில் பயன்பட்டது எதுவும் மிஞ்சவில்லை.

மற்றவர் ஆங்கெத்தில் துய்ப்பெரோன், வயது 23. 1754இல் பாரிஸில், ஆக்ஸ்போர்டில் இருந்த ஜரதுஷ்டிர சமயநூல் ஒன்றின் சில தாள்களுடைய நகலைப் பார்த்தார். ஐரோப்பாவில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. படித்தே தீருவது என்று முடிவு செய்து, வேறு வழியின்றிக் கம்பெனிப் படையில் சாதாரணச் சிப்பாயாகப் பெயர் கொடுத்தார். கப்பல் ஏறுவதற்குள் அரசின் ஆதரவும் சிறு உதவித்தொகையும் கிடைத்தது தனிக்கதை. 1755 ஆகஸ்ட் 10 அன்று புதுச்சேரியில் இறங்கினார். இங்கே அவர் கற்றது பாரசீகம்.

அதன் பிறகு அவர் அசைவுக்குக் குறைவே இல்லை. சமஸ்கிருதம் கற்கச் சந்திரநாகூர் போனார். போர் மூண்டு அந்த ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று. வங்கத்திலிருந்து தரைவழியாகப் புதுச்சேரிக்குத் திரும்பினார். சூரத்துக்குப் புறப்பட்ட கப்பலிலிருந்து மாஹேயில் இறங்கி மீதித் தூரத்தையும் நிலத்திலேயே கடந்தார். சூரத்தில் பார்சி குருமார்களிடம் பாடம் கேட்டார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே பாலமாக இருந்தது பாரசீகமே. 1762இல் 180 சுவடிகளுடன் பாரிஸ் திரும்பினார். ஒன்பது ஆண்டு உழைத்து 1771இல் 'ஸெந்த் அவெஸ்தா'வை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.

அதே ஆண்டில், வில்லியம் ஜோன்ஸ் என்ற இளைஞர் பாரசீக இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். பிரெஞ்சில் ஒரு பகிரங்கக் கடிதமும் எழுதினார். ஆங்கெத்தில் கொண்டுவந்தது ஜரதுஷ்டிரரின் நூலாக இருக்கவே முடியாது என்பது அதன் சாரம். எழுத்தில் நையாண்டி மிகுதி. பின்னாளில் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தை நிறுவி நாமெல்லாம் நன்றியுடன் நினைக்கும் அதே ஜோன்ஸ்தான். இந்தக் கடிதத்தை அவர் எழுதாமல் இருந்திருக்கலாம்.

ஆங்கெத்தில் பதில் பேசாமல் வேலையைத் தொடர்ந்தார். சமஸ்கிருதம் கடைசிவரை அவருக்குக் கைகூடவில்லை. ஆனால் 1657இல் தாரா ஷிகோ பாரசீகத்தில் ஆக்குவித்த ஐம்பது உபநிடதங்களின் சுவடி அவர் கைக்கு வந்தது. அதை லத்தீனில் பெயர்த்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது உலகத்திலிருந்து ஒதுங்கி, ஏறக்குறையத் துறவியாக, வறுமையில் கழித்த ஆண்டுகள் அவை. நூல் 1801, 1802இல் வெளிவந்தது. 1805 ஜனவரியில் அவர் இறந்தார்.

பரகத் என்று எதையாவது சொல்வதானால் அது அதற்குப் பிறகு வந்தது. 1814இல் அந்த லத்தீன் நூல் ஷோப்பனோவர் கைக்குச் சென்றது. வாழ்நாள் முழுதும் அவர் அதைக் கொண்டாடினார். 1826இல் டேனிஷ் மொழியியலாளர் ராஸ்மஸ் ராஸ்க், அவெஸ்தாவின் மொழி பழமையானதும் உண்மையானதும் என நிறுவினார். ஜோன்ஸும் அதற்குள் இறந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1846இல் காலுவா மோன்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பேடுகளைக் கண்டெடுத்தார். 1736 செப்டம்பரில் தொடங்கியவை. யாரும் கேட்காமல் சுமார் 25 ஆண்டுகள் எழுதப்பட்டவை. கம்பெனிக்கு வந்த கடிதங்களின் செய்தியும் கப்பல்களின் வரத்தும் ஊர் வம்பும் அவற்றில் தமிழில் கிடக்கின்றன.