தென்னையும் சவர்க்காரமும்: தலவிலக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கோட்டைகளையும் கப்பல்களையும் பற்றி எழுதிய அளவிற்கு, அடுக்களையிற் பெண்கள் காய்ச்சிய எண்ணெயைப் பற்றி வரலாற்றாசிரியர் எழுதினாரல்லர். ஆயினும் ஒரு கரையோரத்தின் பொருளாதார வரலாறு அவ்வெண்ணெயிலேயே அடங்கியிருத்தல் கூடும். கற்பிட்டிக் குடாநாட்டில், புனித அன்னம்மாள் திருத்தலத்தாற் பெயர்பெற்ற தலவில அத்தகையதொரு கரையில் அமைந்துள்ளது. ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த அம்மணற்பரப்பு தென்னைக்கு உகந்ததாகும்.

இயற்கைப் பொருள்களால் மேனியைப் பேணும் வழக்கம் தமிழரிடையே தொன்மையானது. பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரில் மாதவி கூந்தலை நீராட்டிய செய்தியைச் சிலப்பதிகாரத்துக் கடலாடு காதை தருகின்றது. அது செல்வ மனையின் ஒப்பனை. எளியோர் இல்லங்களுக்கோ பயற்றம்மாவும் மஞ்சளும் வெந்தயமும் தேசிக்காயும் தேங்காயெண்ணெயுமே போதியனவாயின. பயற்றம்மா மேனியின் எண்ணெய்ப்பசையை அகற்றியது. சீயக்காயிலுள்ள சப்போனின் என்னும் பொருள் நீரில் நுரைத்து அழுக்கைக் கழற்றியது. தேங்காய்ப்பாலை நீர் வற்றுமட்டும் காய்ச்சி வடித்த எண்ணெயிற் செவ்வரத்தையோ கறிவேப்பிலையோ இட்டுக் கூந்தலுக்குப் பூசுவதும் வழக்காயிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இதே தேங்காயெண்ணெய் உலகச் சந்தைக்குரிய பண்டமாயிற்று. அதற்கான காரணம் இரசாயனவியல் சார்ந்தது. தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களுள் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலமாகும். காரத்துடன் சேருங்கால் அது எளிதிற் கரைந்து மிகுதியாக நுரைக்கும் சவர்க்காரத்தைத் தரும். 1884இல் இங்கிலாந்தில் அறிமுகமான ‘சன்லைற்’ சவர்க்காரம் போன்றவற்றின் பெருக்கத்தோடு தாவர எண்ணெய்களுக்கான தேவையும் உயர்ந்தது. பிரித்தானியர் ஆட்சியிற் புத்தளம், சிலாபம், குருநாகல் ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய ‘தென்னை முக்கோணத்தில்’ பெருந்தோட்டங்கள் விரிந்தன. கொப்பறாவும் எண்ணெயும் கப்பலேறின. சவர்க்காரக் கட்டிகள் வந்திறங்கின. 1938இல் லீவர் நிறுவனம் இலங்கையிலேயே காலூன்றியது.

சவர்க்காரத்தை வெறும் அந்நியத் தீமையெனக் கொள்ளுதல் பொருந்தாது. அம்மியிலும் உரலிலும் பெண்கள் செலவிட்ட நேரத்தை அது குறைத்தது, சுகாதாரத்தை எளிதாக்கியது. உண்மையான இழப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. தென்னையை வளர்த்தோரின் அறிவு ‘பட்டிக்காட்டு வழக்கம்’ என இழித்துரைக்கப்பட, அதே எண்ணெய் மணமும் உறையும் பெற்று மீண்டபோது ‘நாகரிகம்’ எனப் போற்றப்பட்டது. இன்று ‘மூலிகை’ என்னும் முத்திரையுடன் சிறு போத்தல்களில் விலைபோவதும் அப்பழைய அறிவேயாகும். அதனைக் காத்துவந்த பெண்களின் பெயரோ எந்த உறையிலும் இல்லை.

எனினும், இல்லத்து மரபு முற்றிலும் தன்னிறைவானது என்றும் கருதலாகாது. தேங்காய் இம்மண்ணிற்குரியது; மஞ்சளிற் பெரும்பகுதியோ கடல்கடந்து வந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சள் இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டதும் அதன் விலை பன்மடங்கு ஏறியது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து களவாகக் கொணரப்பட்ட மஞ்சள் மூடைகளைக் கடற்படையினர் கற்பிட்டிக் கரையோரத்திலும் கைப்பற்றினர். அடுக்களைப் பொருளெனினும் அதற்கும் அரசியல் உண்டு என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இயற்கையானவை யாவும் தீங்கற்றவை என்பதும் மயக்கமே. தேசிச்சாறு பூசிய மேனியில் வெயில் பட்டாற் கொப்புளம் எழக்கூடும். மறுபுறம், பாதரசம் கலந்த வெண்மையூட்டும் களிம்புகள் சிறுநீரகத்தைப் பாதிக்க வல்லன. 2013இல் நிறைவேறிய மினமாட்டா உடன்படிக்கை அத்தகையவற்றை 2020ஆம் ஆண்டுடன் ஒழிக்க வேண்டுமென விதித்தும், அவை சந்தையினின்று முற்றாக அகலவில்லை. கருமை அழகன்று என்னும் எண்ணம் நிலவுமட்டும் அவற்றை வாங்குவோரும் இருப்பர்.

ஆகவே, பழமையைக் கண்மூடிப் போற்றுவதோ புதுமையைக் கண்மூடி ஏற்பதோ அறிவுடைமையாகாது. பாட்டிமார் சொல்லும் செய்முறைகளை ஊர்தோறும் பதிவுசெய்தலும், அவற்றின் நன்மை தீமைகளை ஆய்வுகூடத்தில் ஆராய்தலும் வேண்டும். முன்னதைக் கலைப்பீடமும் பின்னதை விஞ்ஞானபீடமும் மேற்கொள்ளலாம். அப்பாட்டிமாருட் பலர் முதுமையெய்தி விட்டனர் என்பதால் இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று.