வேட்டையில் ஒரு பொய்ச்சாட்சி

சிலருக்கு இது காலைக் காப்பி நேரம், சிலருக்குப் படுக்கப் போகும் நேரம். நான் இரவுப் பணி முடித்து, சற்றுத் தூங்கி எழுந்து வந்திருக்கிறேன். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உளவு நாவல் படிப்பவர்களுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். வேலையை விட்டு விலகிய ஒற்றர்கள் சிலர், ஒரு கள்ள ஆயுத வியாபாரியைத் தேடிப் புறப்படுவார்கள். அவன் ஊர் ஊராகத் தப்பிப்பான். கடைசி அத்தியாயத்தில் அகப்படுவான். நாமும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடிவிடுவோம். இது ஒருமுறை உண்மையாகவே நடந்தது. அங்கே ஆயுத வியாபாரியே ஒரு முன்னாள் ஒற்றர். அவரைக் காட்டிக்கொடுத்தவரும் முன்னாள் ஒற்றர். ஆனால் அவர் பிடிபட்டதோடு கதை முடியவில்லை. அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

அவர் பெயர் எட்வின் வில்சன். 1928இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கப்பலில் வேலை பார்த்தார், கல்லூரியில் உளவியல் படித்தார், கடற்படைக் காலாட்படையில் இருந்தார், 1950களின் நடுவில் சி.ஐ.ஏ.வில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, கம்பெனிகள் தொடங்குவது. வெளிப்பார்வைக்குச் சரக்குக் கப்பல் ஏஜென்சி, உள்ளே உளவு நிறுவனத்தின் கை. எந்தச் சாமானை எந்தப் பெயரில் எந்தத் துறைமுகம் வழியாக அனுப்பினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதை அரசாங்கச் செலவில் கற்றுக்கொண்டார்.

1971இல் சி.ஐ.ஏ.வை விட்டு வெளியேறி, அமெரிக்கக் கடற்படையின் 157ஆம் பணிக்குழு என்ற இரகசியப் பிரிவில் சேர்ந்தார். அங்கும் அதே வேலைதான். அரசாங்கத்துக்காக நடத்திய கம்பெனிகளைக் கொண்டே தனக்கும் சம்பாதித்தார். வர்ஜீனியாவில் 2,000 ஏக்கருக்கு மேற்பட்ட பண்ணை வாங்கினார். செனட்டர்களும் தளபதிகளும் விருந்துக்கு வந்தார்கள். அரசுச் சம்பளக்காரருக்கு இவ்வளவு சொத்து எப்படி வந்தது என்று விருந்துக்கு வந்தவர்கள் கேட்டதாகத் தெரியவில்லை. 1976இல் அந்த வேலையும் போயிற்று.

அப்போது அவருக்குக் கிடைத்த கூட்டாளி ஃபிராங்க் டெர்பில். இவரும் முன்னாள் சி.ஐ.ஏ. ஆள். இருவரும் லிபியாவின் கடாஃபிக்கு வேண்டியதை விற்கத் தொடங்கினார்கள். முதலில் குண்டுகளை நேரம் குறித்து வெடிக்கச் செய்யும் கருவிகள். பிறகு அவற்றைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க அமெரிக்கச் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள். 1977இல் ஹூஸ்டன் விமான நிலையத்திலிருந்து சுமார் 20 டன் சி-4 வெடிமருந்து பீப்பாய்களில் ஏறியது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பயன்படுத்தும் சேறு என்று பீப்பாய்களின் மேல் எழுதியிருந்தது. லிபியா எண்ணெய் நாடு, ஹூஸ்டன் எண்ணெய் நகரம். யாருக்குச் சந்தேகம் வரும்?

ஒருவருக்கு வந்தது. கெவின் மல்கஹி என்ற அந்த மனிதரும் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர்தான். 1976இல் வில்சனோடும் டெர்பிலோடும் தொழிலில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே காகிதங்களைப் பார்த்து, இது கணினி, மின்கருவி வியாபாரம் அல்ல என்று புரிந்துகொண்டார். அந்த ஆண்டே தன் பழைய அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார், எஃப்.பி.ஐ.க்கும் சொன்னார். இத்தனைக்கும் சி-4 ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு.

சி.ஐ.ஏ.வில் வில்சனின் நண்பர்கள் இன்னும் பதவியில் இருந்தார்கள். 1977இல் புதிய இயக்குநர் ஸ்டான்ஸ்ஃபீல்ட் டர்னர், வில்சனோடு தொடர்பு வைத்திருந்த இருவரை வேலையிலிருந்து நீக்கினார். ஆனால் வழக்கு நகரவில்லை. லாரன்ஸ் பார்செல்லா என்ற அரசு வழக்கறிஞர் விடாமல் பின்தொடர்ந்ததால்தான், 1980இல் வில்சன் மீதும் டெர்பில் மீதும் குற்றச்சாட்டு பதிவாயிற்று. மல்கஹி இந்த ஆண்டுகளையெல்லாம் பயத்தில், பெரும்பாலும் ஒளிந்தே கழித்தார். 1982 அக்டோபரில், முதல் வழக்கு விசாரணைக்கு வருவதற்குச் சற்று முன்பு, வர்ஜீனியாவில் ஒரு மோட்டல் அறைக்கு வெளியே இறந்து கிடந்தார். கொலை என்பதற்கு அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. முதலில் உண்மை சொன்ன மனிதர் தீர்ப்பைப் பார்க்காமலே போனார்.

விற்ற சாமான் எங்கே போனது என்பதையும் சொல்ல வேண்டும். 1980இல் கடாஃபி, வெளிநாடுகளில் வாழ்ந்த தன் எதிர்ப்பாளர்களைத் தேடித் தேடிக் கொல்ல ஆரம்பித்தார். அந்த ஆண்டு மேற்கு ஜெர்மனியின் பான் நகரத்தில் ஒருவர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கைத்துப்பாக்கி அமெரிக்காவிலிருந்து வில்சன் வழியாகப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் என்ற கல்லூரி ஊரில், மேற்படிப்புக்கு வந்திருந்த லிபிய மாணவர் ஒருவரை, வில்சனிடம் வேலை பார்த்த முன்னாள் சிறப்புப் படை வீரர் ஒருவர் வீட்டுக்குள் வந்து தலையில் சுட்டார். மாணவர் பிழைத்துக்கொண்டார், ஒரு கண்ணின் பார்வை போயிற்று. தலையில் குண்டு பாய்ந்தவர் பிழைத்தார் என்பது செய்தித்தாளில் ஒரு வரி. வார்டில் அது பல மாத வேலை. ஊரை விட்டு வந்து படித்துக்கொண்டிருந்த பிள்ளை அவர். வில்சன் பாவம் என்று நினைக்கத் தோன்றும் இடம் இனிமேல் வரப்போகிறது, அதனால்தான் இந்த மாணவரை முன்கூட்டியே நினைவில் வைக்கச் சொல்கிறேன்.

வில்சன் அப்போது லிபியத் தலைநகர் திரிப்போலியில் இருந்தார். அங்கிருந்து அவரைச் சட்டப்படி கொண்டுவர வழி இல்லை. பார்செல்லா தரப்பு தந்திரத்துக்குப் போனது. எர்னஸ்ட் கைசர் என்பவர், தனக்கு உளவுத் துறையில் செல்வாக்கு உண்டு என்று சொல்லிக்கொண்ட மோசடிப் பேர்வழி. அவர் வில்சனிடம் போய், அமெரிக்க அரசு உன்னை மறுபடி பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறது, டொமினிக்கன் குடியரசில் பத்திரமாக இருந்து வேலை செய்யலாம் என்று ஆசை காட்டினார். ஆயுள் முழுக்கப் பொய்ப் பெயரில் சரக்கு அனுப்பிய மனிதர் இதை நம்பினார். அரசாங்கம் தன்னைக் கைவிடாது என்று அவர் உள்ளூர நினைத்திருக்க வேண்டும். 1982 ஜூனில் டொமினிக்கன் குடியரசில் போய் இறங்கினார். உள்ளே விடாமல் நியூயார்க் விமானத்தில் ஏற்றினார்கள். அங்கே கைது.

நாவலாக இருந்தால் இங்கே முடித்துவிடலாம்.

வழக்குகள் தனித்தனியாக நடந்தன. ஆயுதக் கடத்தலுக்கு வர்ஜீனியாவில் ஒன்று, சி-4க்காக ஹூஸ்டனில் ஒன்று. சிறையில் இருந்துகொண்டே அரசு வழக்கறிஞர்களையும் சாட்சிகளையும் கொல்ல ஆள் தேடினார் என்று நியூயார்க்கில் இன்னொன்று. மூன்றிலும் தண்டனை, மொத்தம் 52 ஆண்டுகள்.

நாம் பார்க்க வேண்டியது 1983 பிப்ரவரியில் நடந்த ஹூஸ்டன் வழக்கை. வில்சன் சொன்ன பதில் இது: நான் சி.ஐ.ஏ.வை விட்டாலும் அது என்னை விடவில்லை, லிபியாவில் நான் இருந்தது அவர்களுக்குத் தகவல் சேகரிக்கத்தான். இதை உடைக்க அரசுத் தரப்பு ஒரு பிரமாணப் பத்திரத்தைக் கொண்டுவந்தது. கையெழுத்துப் போட்டவர் சி.ஐ.ஏ.வின் மூன்றாம் நிலை அதிகாரி சார்லஸ் பிரிக்ஸ். 1971இல் வில்சன் வெளியேறிய பிறகு, 1972இல் ஒரே ஒரு தடவை தவிர, நேராகவோ மறைமுகமாகவோ எந்த வேலையும் சி.ஐ.ஏ. அவரிடம் கேட்டதில்லை என்று அது சொன்னது. தீர்ப்பு பற்றி விவாதித்துக்கொண்டிருந்த ஜூரிகள், அந்தப் பத்திரத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். வாசித்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. 17 ஆண்டுத் தண்டனை.

அந்தப் பத்திரத்தில் இருந்தது பொய்.

வில்சன் இல்லினாய் மாநிலத்தின் மரியன் சிறையில் பத்தாண்டுகள் தனிமைச் சிறையில் இருந்தார். அங்கிருந்தே தகவல் கோரும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதி, ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தார். கடைசியில் நீதிமன்றம் அவருக்கு டேவிட் ஆட்லர் என்ற வழக்கறிஞரை நியமித்தது. ஆட்லரும் முன்னாள் சி.ஐ.ஏ. அதிகாரிதான்! வில்சன் கதையில் வரும் முன்னாள் ஒற்றர்களில் எனக்கு முக்கியமானவர்கள் இருவர். ஒருவர் மல்கஹி, மற்றவர் இந்த ஆட்லர். பழைய அலுவலகத்தின் மொழி தெரிந்ததால், ஆயிரக்கணக்கான பக்கங்களில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. 1971க்குப் பிறகு சி.ஐ.ஏ.வுக்கும் வில்சனுக்கும் இடையே 80க்குக் குறையாத தொடர்புகள் இருந்தன என்று அரசின் காகிதங்களே காட்டின.

2003 அக்டோபரில் நீதிபதி லின் ஹியூஸ் ஹூஸ்டன் தண்டனையை ரத்து செய்தார். அவருடைய தீர்ப்பில் என்னை உலுக்கிய பகுதி வேறு. தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே பத்திரம் தவறு என்று அரசுத் தரப்புக்குத் தெரிந்திருக்கிறது. பல அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் கூடிப் பேசியிருக்கிறார்கள், திருத்தலாமா வேண்டாமா என்று. திருத்தவில்லை. 20 ஆண்டுகள் அந்தப் பொய் கோப்பிலேயே கிடந்தது. யாருக்கும் இதற்காகச் சிறை இல்லை. வில்சன் பிறகு தொடுத்த வழக்கும், அரசு வழக்கறிஞர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2007இல் தள்ளுபடி ஆயிற்று.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வில்சன் நிரபராதி என்று நீதிபதி ஹியூஸ் சொல்லவில்லை. 80 தொடர்புகள் இருந்ததால் 20 டன் வெடிமருந்தை அனுப்பச் சொன்னது சி.ஐ.ஏ. என்று ஆகிவிடாது. மற்ற இரண்டு தண்டனைகளும் அப்படியே நின்றன. 22 ஆண்டுகள் சிறையில் இருந்து, 2004 செப்டம்பரில் வெளியே வந்தபோது அவருக்கு 76 வயது. 2012இல் சியாட்டிலில் இறந்தார். கூட்டாளி டெர்பில் தண்டனை அனுபவிக்காமலே தப்பித்தார். கியூபாவில் அடைக்கலம் பெற்று 2016இல் ஹவானாவில் இறந்தார்.

வில்சன் கெட்டவர்தானே, கெட்டவரைப் பிடிக்க ஒரு பொய் சொன்னால் என்ன என்று கேட்கலாம். நான் இந்த உரைக்குத் தயாரித்தபோது என் வீட்டிலேயே அதைத்தான் கேட்டார்கள். திருக்குறளில் வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் சொல்கிறார். அதையும் எடுத்துக் காட்டினார்கள். ஆனால் அதே வள்ளுவர் ஒற்றாடல் என்று தனியாக ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். ஓர் ஒற்றர் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக்கொண்டு சரிபார்க்க வேண்டும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். ஒற்றரை அவர் மதிக்கிறார், ஆனால் ஒற்றரின் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஹூஸ்டனில் 12 ஜூரிகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு கையெழுத்து. சரிபார்க்கும் வழி அவர்களுக்கு இல்லை. இரகசியம் என்ற கதவு சாத்தியிருந்தது. அங்கே சொன்ன பொய்யால் குற்றமற்ற நன்மை வந்ததா? சி.ஐ.ஏ. தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். பான் நகரத்தில் இறந்தவருக்கோ கண்ணை இழந்த மாணவருக்கோ அதனால் எதுவும் கிடைக்கவில்லை. வில்சனை உண்மையைச் சொல்லியே தண்டித்திருக்கலாம். மற்ற வழக்குகளில் அப்படித்தானே தண்டித்தார்கள்?

நான் வேதாகமத்தோடு வளர்ந்தவள். பத்துக் கட்டளைகளில் பொய்ச்சாட்சிக்கு என்று ஒன்று இருக்கிறது, நல்லவருக்கு எதிராக மட்டும் என்று அதில் விலக்கு எதுவும் இல்லை. ஆனால் எனக்கு இது கோயிலில் புரிந்ததைவிட வேலையில்தான் புரிந்தது. நர்சிங் டிப்ளமா படித்தபோது முதலில் கற்றுக்கொடுத்தவற்றில் ஒன்று, நோயாளியின் குறிப்பேட்டில் தவறாக எழுதிவிட்டால் என்ன செய்வது என்பது. அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. தவறு கண்ணுக்குத் தெரியும்படி அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் நேரமும் போட்டுக் கையெழுத்திட வேண்டும். நானும் போட்டிருக்கிறேன் அந்தக் கோட்டை. முதல்முறை போட்டபோது அழுதேன். என்னோடு பணியில் இருந்த மூத்த அக்கா சொன்னார்: “கோடு போட்டவளை யாரும் வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. கோடு போடாம விட்டா, அடுத்த ஷிப்டுக்கு வர்றவ அதை நம்பி ஊசி போடுவா.”

அந்த அதிகாரிகள் கூடிப் பேசிய அறையில் தேவைப்பட்டது அந்த ஒரு கோடுதான். அதைப் போட்டிருந்தால் மறுவிசாரணை வந்திருக்கும், அனேகமாக மறுபடியும் தண்டனையே கிடைத்திருக்கும். கௌரவம் கொஞ்சம் குறைந்திருக்கும். அதற்குக்கூட மனமில்லாமல், 20 டன் வெடிமருந்து விற்ற மனிதரை, அரசால் வஞ்சிக்கப்பட்டவராகவும் ஆக்கிவிட்டார்கள். இன்று வில்சன் பெயரைத் தேடினால் முதலில் வருவது அவருக்கு நேர்ந்த அநீதி. அவருடைய ஆயுதங்களால் அடிபட்டவர்கள் பின்னால் போய்விட்டார்கள்.

உளவுக் கதைகளை நான் இப்போதும் விரும்பிப் படிக்கிறேன். ஆனால் ஆயுத வியாபாரி அகப்பட்டதும் புத்தகத்தை மூட முடிவதில்லை. அவரை உள்ளே வைத்த காகிதத்தில் என்ன எழுதினார்கள், யார் சரிபார்த்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் இந்த அரைமணி நேரம் வீணாகவில்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.