1921: கொழும்பு ஆசனமும் ஒரு வாக்குறுதியும்

அமெரிக்காவிலே சனாதிபதிப் பதவிக்கு நிற்பவர் உப சனாதிபதி வேட்பாளர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொண்டே மக்கள் முன் வருகிறார். 1944இல் ரூஸ்வெல்ட்டின் பக்கத்திலிருந்து ஹென்றி வாலஸ் விலக்கப்பட்டு, அவ்விடத்தில் ட்ரூமன் நிறுத்தப்பட்டார். அடுத்த ஏப்ரிலில் ரூஸ்வெல்ட் மறைந்தார். வாலஸே நின்றிருந்தால் உலகம் எவ்வழிச் சென்றிருக்கும் என்ற வினாவை வரலாற்று மாணவர் இன்றும் விட்டபாடில்லை. நமது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு சனாதிபதியைத் தந்ததேயன்றித் துணை வேட்பாளரைத் தரவில்லை. ஆயினும், 'நம்மோடு யாரை நிறுத்துவது' என்ற கேள்விக்குக் கொழும்புப் பிரமுகர்கள் 1921இல் ஒருமுறை விடையளித்தனர்.

அதற்குப் பத்தாண்டுகளின் முன் நிலைமை வேறாயிருந்தது. 1911இல் 'படித்த இலங்கையர்' பிரதிநிதியைத் தெரிந்தெடுக்க நடந்த தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன், மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். சிங்களவர் பெருவாரியாகத் தமிழர் ஒருவரைத் தெரிந்தனர் என்று அதனைப் போற்றிப் பேசுவோர் உளர். போற்றுமுன் வாக்காளர் தொகையைப் பார்க்க வேண்டும்: நாடு முழுவதிலும் சுமார் மூவாயிரம் பேர்! அதிலும், கராவ குலத்துப் பெர்னாண்டோவை ஏற்க மனமில்லாத கொய்கம கனவான்களுக்கு வெள்ளாளரான இராமநாதன் உவப்பாயிருந்தார் என்பதே உண்மை. இன ஒற்றுமை என்று நாம் கொண்டாடியதன் அடியில் சாதிக் கணக்கு கிடந்தது.

இராமநாதனின் இளைய சகோதரர் அருணாசலம் வேறுவகை மனிதர். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை எழுப்பிய பொன்னம்பல முதலியாரின் மைந்தர். சிவில் சேவையில் உயர்ந்தவர். ஓய்வுபெற்ற பின் சீர்திருத்தக் கிளர்ச்சியில் இறங்கினார். தேசிய காங்கிரஸ் அமைக்க முனைந்தபோது யாழ்ப்பாணச் சங்கத்தார் ஐயுற்றனர். அவ்வையத்தைத் தீர்க்க 1918 டிசம்பரில் ஜேம்ஸ் பீரிசும் ஈ. ஜே. சமரவிக்கிரமவும் ஒரு கடிதம் எழுதினர்: மேல் மாகாணத்தில் தமிழருக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதைத் தாம் ஆதரிப்பர் என்று. அக்கடிதத்தை நம்பி வடக்கு இணங்கிற்று. 1919 டிசம்பரில் பிறந்த இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் அருணாசலமே.

புதிய சட்டநிரூபண சபைக்கான 1921ஆம் ஆண்டுத் தேர்தல் வந்தது. ஒதுக்கீட்டைக் காங்கிரஸ் ஆதரிக்கவில்லை. கொழும்பு நகர ஆசனத்துக்கு அருணாசலம் நிற்பார் என்ற எதிர்பார்ப்பும் வீணாயிற்று. அங்கே சென்று அமர்ந்தவர் கடிதத்தில் கையொப்பமிட்ட ஜேம்ஸ் பீரிஸ்! அருணாசலம் காங்கிரசை விட்டகன்றார். அவ்வாண்டிலேயே தமிழர் மகாஜன சபை தோன்றிற்று. 1923இல் அவர் இலங்கைத் தமிழர் லீக்கைத் தொடக்கினார். காங்கிரசார் மறுத்த மேல் மாகாணத் தமிழ் ஆசனத்தை 1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் ஏகாதிபத்திய அரசு தானே வழங்கிற்று. யார் இலாபமடைந்தார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அருணாசலத்தை அன்று உடன் நிறுத்தியிருந்தால்? இனப்பிரச்சினையே எழுந்திராது என்பார் சிலர். நான் அவ்வாறு கருதவில்லை. 1924 ஜனவரியில் அவர் மதுரையில் காலமானார். சபையில் இருந்திருப்பினும் இரண்டரை ஆண்டுகளே. சொத்தும் வருமானமும் எழுத்தறிவுமுள்ள ஆண்களில் ஒரு சிறு பகுதியினர்க்கே வாக்கிருந்த காலம் அது. வரவேற்பறையில் கொடுத்த வாக்கை வரவேற்பறையிலேயே மீற முடிந்ததற்குக் காரணம், வெளியே நின்று கணக்குக் கேட்க வாக்காளர் கூட்டம் இல்லாமையே.

கேட்கத்தக்கவர் இருந்தனர், அவர்களை நன்கறிந்தவரும் அருணாசலமே. 1919இல் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தையும் 1920இல் தொழிலாளர் சம்மேளனத்தையும் அமைத்தவர் அவர். ஒப்பந்தத்தை முறித்த தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கனுப்பிய சட்டத்தை எதிர்த்துப் போராடினார். துறைமுகத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் 1921இல் வாக்குடையோராய் இருந்திருப்பின்? இந்த 'இருந்திருப்பின்' தான் எனக்குப் பொருளுடையதாகப் படுகிறது. ஆனால் இரு தரப்புக் கனவான்களும் அதனை விரும்பினரல்லர். டொனமூர்க் குழுவினர் வந்தபோது காங்கிரசார் மட்டுப்படுத்திய வாக்குரிமையே கேட்டனர். இராமநாதனும் சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தார். அதனைக் கோரியோரில் முதன்மையானவர் ஏ. ஈ. குணசிங்கவும் அவரது தொழிற்சங்கத்தாருமே.

1931இல் அவ்வுரிமை வந்தது. பின்னரும் துணை தேடும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவாலையில் வேலைநிறுத்தம் மூண்டது. அங்கு வேலைசெய்தோரில் மலையாளிகள் பலர். அதே குணசிங்க, வேலைநிறுத்தத்தை எதிர்த்து நின்றார். மலையாளிக்கெதிரான சிங்கள உணர்வே அவருக்கு அப்போது துணையாயிற்று. தொழிலாளரின் பக்கம் நின்றவர்கள் கொல்வின் ஆர். டி சில்வா முதலான இளைஞர்கள். இரண்டாண்டுகளின் பின், 1935இல், அவர்கள் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர்.