சுட்டு எண்ணிக்கை முறை

சுட்டு எண்ணிக்கை முறை என்பது, கணினி நிரல் ஒன்று தன் வேலைக்காக எடுத்துக்கொண்ட நினைவகப் பகுதியை எப்போது திருப்பித் தரலாம் என்று முடிவு செய்யும் வழிகளுள் ஒன்றாகும். ஆங்கிலத்தில் ரெஃபரன்ஸ் கவுண்டிங் எனப்படும் இம்முறையை ஜார்ஜ் ஈ. காலின்ஸ் 1960ஆம் ஆண்டு வெளியிட்டார். பைத்தான், ஸ்விஃப்ட் போன்ற நிரல்மொழிகளிலும், லினக்ஸ் கருனியிலும், பிற நிரல்களின் பிழைகளைக் கண்டறிய உதவும் டிபக்கர்களிலும் இது இன்று பயன்படுகிறது.

சிக்கலின் தன்மை

நிரல் இயங்கும்போது தனக்குத் தேவையான நினைவகத்தைக் கேட்டுப் பெறுகிறது. வேலை முடிந்ததும் அதை விடுவிக்க வேண்டும். பெற்ற பகுதியின் முகவரியை வைத்திருக்கும் மாறிக்குச் சுட்டி என்று பெயர். ஒரே பகுதிக்கு நிரலின் பல இடங்களில் சுட்டிகள் இருக்கலாம். அவற்றுள் ஓர் இடம் தன் வேலை முடிந்தவுடன் அப்பகுதியை விடுவித்துவிட்டால், மற்ற இடங்களில் உள்ள சுட்டிகள் வெறும் பழைய முகவரிகளாகிவிடும்.

விடுவித்த பகுதியை மீண்டும் பயன்படுத்துவதால் வரும் பிழை எளிதில் பிடிபடுவதில்லை. பழைய தரவு அங்கே அழியாமல் இருந்தால் நிரல் சரியாக இயங்குவதுபோலவே தோன்றும். அப்பகுதி வேறொரு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருந்தால் நிரல் தவறான தரவைப் படிக்கும் அல்லது செயலிழந்து நிற்கும். பிழை நேர்ந்த இடம் ஒன்றாகவும் நிரல் நின்ற இடம் வேறொன்றாகவும் இருக்கும். இதற்கு அஞ்சி எதையும் விடுவிக்காமல் விட்டால் நினைவகம் சிறிது சிறிதாகத் தீர்ந்துபோகும். இது நினைவகக் கசிவு எனப்படும்.

தோற்றம்

1960 ஏப்ரலில் ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழியைப் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். இச்சிக்கலுக்கு ஒரு தீர்வும் அதில் இருந்தது. நினைவகம் தீரும்போது நிரலை நிறுத்தி, சுட்டிகள் வழியாகச் சென்றடையக்கூடிய பகுதிகளையெல்லாம் குறித்துக்கொண்டு, எஞ்சியவற்றை மீட்பதே அத்தீர்வு. பின்னர் இது குப்பை சேகரிப்பு என்று பெயர் பெற்றது. அக்காலத்து ஐபிஎம் 704 கணினியில் ஒருமுறை இவ்வாறு மீட்கச் சில வினாடிகள் ஆயின.

அதே ஆண்டு டிசம்பரில், ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய காலின்ஸ் வேறொரு வழியை முன்வைத்தார். பல பட்டியல்கள் தமக்குள் பொதுவான பகுதிகளைப் பகிர்ந்துகொள்ளும்போது எதை அழிக்கலாம் என்பதே அவருடைய கேள்வி. பகிரப்படும் பகுதிக்கு எத்தனை சுட்டிகள் உள்ளன என்ற எண்ணிக்கையை அதனுடனேயே வைத்திருக்கலாம் என்றார் அவர். புதிதாக ஒரு சுட்டி உண்டானால் எண்ணிக்கையில் ஒன்று கூட்ட வேண்டும். ஒரு சுட்டி நீங்கினால் ஒன்று குறைக்க வேண்டும். பூச்சியம் ஆனதும் விடுவித்துவிடலாம்.

வகுப்பறையிலிருந்து கடைசியாக வெளியேறுபவர் விளக்கை அணைத்துவிட்டுச் செல்வதை இதற்கு ஒப்பிடலாம். கடைசியாக வெளியேறப்போவது யார் என்று முன்கூட்டியே யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்குச் சரியாக இருந்தால் போதும்.

வளையச் சிக்கல்

1963இல் ஹெரால்டு மெக்பெத் இம்முறையின் அடிப்படைக் குறை ஒன்றைச் சுட்டிக்காட்டினார. 'அ' என்ற பகுதி 'ஆ'வையும், 'ஆ' மீண்டும் 'அ'வையும் சுட்டினால் இரண்டின் எண்ணிக்கையும் ஒன்றுக்குக் கீழே இறங்காது. வேறு யாருக்கும் அவை தேவைப்படாவிட்டாலும் அவை விடுவிக்கப்படுவதில்லை.

இதற்கு இரு தீர்வுகள் நிலைத்தன. முதலாவது, வளையங்களை மட்டும் தேடிப் பிடிக்கும் குப்பை சேகரிப்பானைத் துணைக்கு வைத்துக்கொள்வது. தொடக்கம் முதலே எண்ணிக்கை முறையைப் பின்பற்றிய பைத்தான் மொழி, 2000ஆம் ஆண்டு வெளிவந்த 2.0 பதிப்பில் இதைச் சேர்த்துக்கொண்டது. இரண்டாவது, எண்ணிக்கையில் சேராத வலுவற்ற சுட்டி. இத்தகைய சுட்டி தான் காட்டும் பகுதியை உயிரோடு வைத்திருப்பதில்லை. அதைப் பயன்படுத்துமுன், பகுதி இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டறிய வேண்டும்.

ஜிடிபி டிபக்கரில் இழைகளின் ஆயுட்காலம்

பொருள்களின் ஆயுட்காலத்தை முன்கூட்டியே கணிக்க முடியாத நிரல்களுக்கு டிபக்கர் நல்ல எடுத்துக்காட்டு. அது ஆராயும் நிரல் எந்த நொடியிலும் முடிந்துபோகலாம். அதன் இழைகள், அதாவது திரெட்கள், தோன்றி மறையலாம். இவற்றின்மேல் டிபக்கருக்குக் கட்டுப்பாடு குறைவு.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் குனூ திட்டத்துக்காக எழுதிய ஜிடிபி, தான் ஆராயும் நிரலின் ஒவ்வோர் இழைக்கும் ஒரு தகவல் தொகுப்பை நினைவகத்தில் வைத்திருக்கிறது. பயனர் ஒரே கட்டளையை எல்லா இழைகளிலும் வரிசையாக நிறைவேற்றுமாறு கேட்கலாம். அக்கட்டளை நிரலைத் தொடர்ந்து ஓட விடுவதாகவோ நிரலை விட்டு விலகுவதாகவோ இருந்தால், பாதி வரிசையிலேயே சில இழைகள் முடிந்துபோகும். அவற்றின் தொகுப்புகளை உடனே அழித்துவிட்டால், வரிசையில் அடுத்த இழைக்குச் செல்லும்போதோ, முன்பு தேர்ந்தெடுத்திருந்த இழைக்குத் திரும்பும்போதோ, ஜிடிபி அழிந்த தொகுப்பைத் தொட நேரும். பிறர் நிரல் ஏன் விழுந்தது என்று தேட வந்த கருவியே விழுந்துவிடும். அப்போது பயனர் நெடுநேரம் முயன்று எட்டிய நிலையும் அதனுடன் போய்விடும்.

இதைத் தவிர்க்க, இழைத் தொகுப்பு ஒவ்வொன்றும் சுட்டு எண்ணிக்கை கொண்டதாக அமைக்கப்பட்டது. கட்டளை தொடங்குமுன் இழைப் பட்டியலின் படி ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றின் எண்ணிக்கையிலும் ஒன்று கூட்டுகிறார்கள். நடுவில் ஓர் இழை முடிந்துபோனால் அதன் தொகுப்பு அழிக்கப்படுவதில்லை. 'முடிந்தது' என்று மட்டும் குறிக்கப்படுகிறது. அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த கட்டளைகள் எல்லாம் எண்ணிக்கையைக் குறைத்த பிறகு, வேறொரு வேளையில் அது நீக்கப்படுகிறது. இழையின் முடிவும் தொகுப்பின் முடிவும் ஒன்றல்ல என்று பிரித்ததே இத்தீர்வின் சாரம்.

சி மொழியில் எழுதப்பட்டிருந்த ஜிடிபியில் கூட்டுவதையும் குறைப்பதையும் நிரலாளரே நினைவில் வைத்து எழுத வேண்டியிருந்தது. ஓரிடத்தில் குறைக்க மறந்தால் கசிவு. இருமுறை குறைத்தால் செயலிழப்பு. 2017இல் வந்த 8.0 பதிப்பு முதல் ஜிடிபியைத் தொகுக்க சி++11 தேவையானது. சி++ மொழியில், சுட்டி உண்டாகும்போது தானாகக் கூட்டி, அது மறையும்போது தானாகக் குறைக்கும் வகைகளை அமைக்க முடிந்ததால் மறதிக்கு இடம் குறைந்தது.

2010இல் அறிமுகமான எல்எல்டிபி டிபக்கர் தொடக்கம் முதலே இத்தகைய சுட்டிகளைக் கொண்டு எழுதப்பட்டது. அதில் ஆராயப்படும் நிரலின் தொகுப்பு தன் இழைகளை எண்ணிக்கைச் சுட்டிகளால் பிடித்துக்கொள்கிறது. இழைகளோ அத்தொகுப்பை வலுவற்ற சுட்டியால் மட்டுமே காட்டுகின்றன. இதனால் வளையம் உண்டாவதில்லை.

எண்ணிக்கை வழிதல்

கணக்குத் தவறினால் விளைவு செயலிழப்போடு நிற்பதில்லை. 2016 சனவரியில், லினக்ஸ் கருனியின் சாவிக்கொத்துப் பகுதியில் ஒரு குறை வெளியிடப்பட்டது. குறிப்பிட்ட ஒரு செயலின்போது எண்ணிக்கை கூட்டப்பட்டது, ஆனால் குறைக்கப்படவில்லை. எண்ணிக்கை 32 பிட் அளவு கொண்டது. ஆகவே அச்செயலை ஏறத்தாழ 429 கோடி முறை திரும்பச் செய்தால் அது வழிந்து மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். பயன்பாட்டில் உள்ள பகுதியே அப்போது விடுவிக்கப்படும். அதைக் கொண்டு சாதாரணப் பயனர் ஒருவர் முழுக் கணினியின் அதிகாரத்தையும் பெற முடிந்தது. 2017இல் லினக்ஸ் 4.11 பதிப்பில் சேர்க்கப்பட்ட புதிய எண்ணி வகை, உச்ச அளவை எட்டும்போது வழியாமல் அங்கேயே நின்றுவிடும். நினைவகம் கசிந்தாலும் கணினியின் பாதுகாப்பு குலைவதில்லை.

இன்றைய நிலை

மைக்ரோசாஃப்ட் 1993இல் வெளியிட்ட காம் அமைப்பில் கூட்டுவதும் குறைப்பதும் ஒவ்வொரு பொருளுக்கும் கட்டாயச் செயல்களாக இருந்தன. ஆப்பிள் 2011இல் அப்பணியைத் தொகுப்பியிடமே ஒப்படைத்தது. 2014இல் வந்த ஸ்விஃப்ட் மொழியும் அவ்வழியைப் பின்பற்றுகிறது.

ஆயினும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. குரோமியம் உலாவியின் கடுமையான பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகள் என்றும், அவற்றில் பாதி, விடுவித்த பகுதியைப் பயன்படுத்தியதால் வந்தவை என்றும் அத்திட்டத்தினர் 2020இல் தெரிவித்தனர். காலின்ஸ் 1960இல் எழுப்பிய கேள்வி, பெரிய நிரல் ஒவ்வொன்றிலும் இன்றும் கேட்கப்படுகிறது.