ஓசோனைக் காத்த ஒப்பந்தமும் தடுமாறிய கியோட்டோவும்

உலக நாடுகள் அனைத்தும் ஒன்றுவிடாமல் ஏற்றுக்கொண்ட சுற்றுச்சூழல் ஒப்பந்தம் ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி கனடாவின் மொன்ட்ரியல் நகரில் அது உருவானது. பத்தே ஆண்டுகளில், 1997-இல், ஜப்பானின் கியோட்டோ நகரில் மற்றோர் ஒப்பந்தம் பிறந்தது. முதலாவது ஓசோன் படலத்தைக் காப்பதற்கு. இரண்டாவது பூமி சூடாவதைத் தடுப்பதற்கு. முன்னது வென்றது, பின்னது தடுமாறியது. இதற்கான காரணம் அவை வகுக்கப்பட்ட விதத்திலும் அடங்கியிருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான் குப்பிகளிலும் ஒரு காலத்தில் குளோரோஃபுளோரோகார்பன் என்னும் வாயு பயன்பட்டது. அது ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் எனும் இரு விஞ்ஞானிகள் 1974-இல் எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகா வானில் அப்படலம் வெகுவாக மெலிந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதே ஆண்டில் வியன்னாவில் பொது உடன்படிக்கை ஒன்று ஏற்பட்டது. அதன் அடிப்படையில் எழுந்ததே மொன்ட்ரியல் ஒப்பந்தம்.

அதை வகுத்தவர்கள் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தனர். வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு கூடுதல் அவகாசம் தந்தனர். ஒப்பந்தத்தில் சேராத நாடுகளுடன் அந்த வாயுக்களை வாங்கவும் விற்கவும் தடை விதித்தனர். ஆகவே வெளியே நிற்பது எந்த நாட்டுக்கும் நட்டமாக முடியும் என்ற நிலை உண்டானது.

அப்படியும் இந்தியாவும் சீனாவும் சேரவில்லை. கேட்டை உண்டாக்கியவை செல்வந்த நாடுகள். அதைச் சரிசெய்யும் செலவு மட்டும் ஏழை நாடுகளின் தலையில் விழலாமா என்பது அவற்றின் கேள்வி. 1990-இல் நடைபெற்ற லண்டன் மாநாட்டில் இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி இதை வலியுறுத்தினார். மாற்றுத் தொழில்நுட்பத்துக்கு மாறும் செலவை ஏற்க அங்கே ஒரு நிதி தொடங்கப்பட்டது. 1991-இல் சீனாவும் 1992-இல் இந்தியாவும் ஒப்பந்தத்தில் இணைந்தன. அதன் பயனாக, கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களில் ஏறக்குறைய 99 விழுக்காடு ஒழிக்கப்பட்டுவிட்டது.

இதே வழியைப் பருவநிலை மாற்றத்துக்கும் பின்பற்ற முனைந்தனர். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சநிலை மாநாட்டில் முதன்மைக் குழுவுக்குத் தலைமையேற்றவர் சிங்கப்பூரின் டாமி கோ. அம்மாநாட்டில் நாடுகளின் கையொப்பத்துக்கு வைக்கப்பட்ட பருவநிலை உடன்படிக்கை, பொறுப்பு அனைவருக்கும் பொது, ஆனால் அதன் அளவு வேறுவேறு என்ற கொள்கையைக் கொண்டிருந்தது. அதன் வழிவந்த கியோட்டோ ஒப்பந்தம், தொழில்வளம் மிக்க நாடுகள் 2008 முதல் 2012-க்குள் தங்கள் வெளியேற்றத்தை 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து சராசரியாக 5.2 விழுக்காடு குறைக்கவேண்டும் என்றது. வளரும் நாடுகளுக்குக் கட்டாய இலக்கு இல்லை. 2002-இல் மலேசியாவும் 2006-இல் சிங்கப்பூரும் அந்த வகையிலேயே இணைந்தன.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வளரும் நாடுகளுக்குக் கடமை இல்லாத எந்த ஒப்பந்தமும் ஏற்கத்தக்கதல்ல என்று அமெரிக்க செனட் சபை கியோட்டோ மாநாட்டுக்கு முன்பே, 1997 ஜூலையில், 95-க்கு 0 என்ற வாக்கில் தீர்மானித்திருந்தது. 2001-இல் அதிபர் ஜார்ஜ் புஷ் ஒப்பந்தத்தை நிராகரித்தார். 2011-இல் கனடா விலகுவதாக அறிவித்தது. அதற்காக எந்த வர்த்தகத் தடையையும் அது சந்திக்கவில்லை. ஓசோனை அரித்த வாயுவைத் தயாரித்தவை சில நிறுவனங்களே. அதற்கு மாற்றும் கிடைத்தது. கரியமில வாயுவோ மின்நிலையம், வாகனம், தொழிற்சாலை என எங்கும் வெளியாகிறது. அதைக் குறைப்பது நாட்டின் பொருளாதாரத்தையே மாற்றுவதாகும்.

2015-இல் பாரிஸ் ஒப்பந்தம் வேறு பாதையை எடுத்தது. ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே வகுத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதனால் ஏறக்குறைய எல்லா நாடுகளும் சேர்ந்தன. ஆனால் இலக்கைத் தவறவிட்டால் தண்டனை இல்லை. நிதி விஷயத்திலும் தாமதமே. 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டுவதாக 2009-இல் கோப்பன்ஹேகனில் வளர்ந்த நாடுகள் தந்த வாக்குறுதி 2022-இல்தான் முதன்முறையாக நிறைவேறியது.

இதற்கிடையே 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் மொன்ட்ரியல் ஒப்பந்தமே திருத்தப்பட்டது. ஓசோனைப் பாதிக்காவிட்டாலும் பூமியைச் சூடாக்கும் மாற்று வாயுக்களும் அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் 0.5 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்ப உயர்வை இது தவிர்க்கக்கூடும் என மதிப்பிடப்படுகிறது. ஓசோனுக்காக எழுதப்பட்ட ஒப்பந்தம் பருவநிலைக்கும் கைகொடுக்கிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கவேண்டும் என்பார்கள். ஊர் கூடினால் மட்டும் போதாது. வடம் பிடிக்க இயலாதவருக்குத் துணையும், பிடிக்க மறுப்பவருக்குக் கேள்வியும் இருக்கவேண்டும். மொன்ட்ரியலில் இரண்டும் இருந்தன. இனி எழுதப்படும் பருவநிலை ஒப்பந்தங்களிலும் அவை இடம்பெறுமா என்பதே வருங்காலத் தலைமுறையின் வாழ்வை முடிவு செய்யும்.