வழக்கறிஞரின்றி நின்றோர்

1603-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள், இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் சர் வால்டர் ராலே அரசத் துரோகக் குற்றத்திற்காக விசாரிக்கப்பெற்றார். இலண்டனில் கொள்ளைநோய் பரவியிருந்தமையால் நீதிமன்றம் அங்கே கூடிற்று. அரசின் சார்பில் வாதிட்டவர் சட்டப் பேரறிஞர் எட்வர்ட் கோக். ராலேயின் சார்பில் வாதிட்டவர் ராலேயே.

இது பொருளின்மையால் வந்த குறையன்று. அக்காலச் சட்டம் இடந்தரவில்லை. துரோகம், கொலை, களவு முதலிய பெருங்குற்றங்களில் சட்ட நுணுக்கம் எழுந்தாலன்றி வழக்கறிஞர் வாய்திறத்தல் கூடாது. சிறு குற்றங்களுக்கோ வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம்! நீதிபதியே கைதிக்குத் துணைவர் என்றும், உண்மையை உரைக்கச் சட்டப் புலமை வேண்டுவதில்லை என்றும் இவ்விந்தைக்கு விளக்கங் கூறினர்.

ராலே கவிஞர், கடலோடி, நாவன்மை மிக்கவர். அவருக்கெதிரான தலையாய சான்று கோப்ஹம் பிரபு அளித்த வாக்குமூலம். அப்பிரபுவோ ஒருமுறை அதனை மறுத்தும் எழுதியவர். ‘அவரை என்முன் நிறுத்துக’ என்னும் பொருள்பட ராலே மீண்டும் மீண்டும் கேட்டார். ‘துணைவ’ராகிய நீதிபதிகள் மறுத்துவிட்டனர். கோக் அவரை வேண்டுமென்றே ‘நீ’ என ஒருமையில் இழித்துப் பேசினார். ஆங்கிலத்திலும் அன்று அவ்வேறுபாடு இருந்தது. ஜூரிகள் கால் மணி நேரத்திற்குள் குற்றவாளி என்றனர். அத்தீர்ப்பின்படியே 1618-இல் அவர் தலை துணிக்கப்பட்டது.

நாவலர்க்கே இந்நிலை எனின், எழுத்தறியாத கள்வனின் நிலை யாது? விசாரணை வரை சிறையில் கிடப்பான். குற்றப் பத்திரிகையின் படி அவனுக்குக் கிட்டாது. 1702 வரை அவன் தரப்புச் சாட்சிகள் சத்தியம் செய்யவும் இயலாது. அவன் வழக்கோ சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

துரோக வழக்குகளில் வழக்கறிஞர் உரிமை 1696-இல் வந்தது. அவ்வழக்குகளில் சிக்கியோர் பெரும்பாலும் அரசியற் பெருமக்கள் என்பது கருதத்தக்கது. களவு, கொலை வழக்குகளில் 1730-களிலிருந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய மட்டும் நீதிபதிகள் இசைந்தனர். ஜூரிகளை நோக்கிப் பேசும் உரிமை 1836-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கிடைத்தது. அதுவும் கூலி கொடுக்க வல்லார்க்கே. ஏழைக் கைதிகளுக்குப் பொதுப்பணத்தில் வழக்கறிஞர் தரும் சட்டம் 1903-இல் பிறந்தது. ராலே தனித்து நின்று சரியாக 300 ஆண்டுகள் கழித்து.