கிறிஸ்துமஸ் அட்டையும் பொங்கல் வாழ்த்தும்

1843ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்குக் கிறிஸ்துமஸ் கடிதம் எழுத நேரமில்லை. ஓவியர் ஜான் ஹார்ஸ்லியிடம் படம் ஒன்றை வரையச் சொல்லி வாங்கி அச்சடித்தார். யாருக்கு, யாரிடமிருந்து என்று இரண்டு இடங்கள் காலியாக இருந்தன. பெயரை நிரப்பினால் வேலை முடிந்தது. மீந்த அட்டைகள் ஒரு ஷில்லிங்குக்கு விற்பனைக்குப் போயின. 1840இல் ஒரு பென்னி தபால் கட்டணம் வருவதற்கு உழைத்தவர்களில் கோலும் ஒருவர். சாலை போட்டவரே வண்டியும் விட்டது போலத்தான்.

எல்லாருக்கும் ஒரே படம் என்று ஆனபிறகு, யோசிக்க வேண்டியது ஆட்களின் பட்டியலை மட்டும்தான். போன வருடம் யார் அனுப்பினார், யார் அனுப்பவில்லை என்று கணக்குப் பார்த்து அனுப்புவது அங்கே வழக்கமாயிற்று. கடைசியாக எந்தத் தேதிக்குள் தபாலில் சேர்க்க வேண்டும் என்பதைப் பிரிட்டிஷ் தபால்துறையே ஆண்டுதோறும் அறிவித்துவிடுகிறது.

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி, வடலூர் கடைகளில் பொங்கல் வாழ்த்து கயிற்றில் தொங்கிய காலத்தில் நிலைமை நேர் எதிர். தாய்மாமன், அத்தை, கட்டிக்கொடுத்த அக்கா, வேலைக்குப் போன கூட்டாளி என்று யாருக்கு அனுப்புவது என்பது யோசிக்காமலே தெரியும். எந்தப் படம் என்பதில்தான் நேரம் போகும். சிவகாசி அச்சகங்கள் பானை, கரும்பு, லட்சுமி, ஜல்லிக்கட்டுக் காளை, எம்.ஜி.ஆர்., சிவாஜி, பிறகு ரஜினி, கமல் என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தள்ளின. கமல் ரசிகனுக்கு ரஜினி படம் போனால் அது வாழ்த்தல்ல, சீண்டல். சூரியன் மட்டும் உள்ள அட்டை பொதுவானது என்று நினைத்தால், அதுவும் தி.மு.க. சின்னம். ஆளறிந்து படம் தேர்ந்தெடுக்கும் இந்த வழக்கத்தைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். கோலின் அட்டையில் அதற்கு வழியே இல்லை.

கையால் செய்பவர்களுக்குப் பள்ளி நாள்காட்டியும் பொங்கலுக்கே சாதகம். கிறிஸ்துமஸ் அட்டை செய்ய வேண்டிய நாட்களில் அரையாண்டுத் தேர்வு நடக்கும். விடுமுறை விட்டதும் சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, ஜிகினாத் தூள் எல்லாம் திண்ணைக்கு வந்துவிடும். மார்கழிப் பனியில் பசை காய நேரமெடுக்கும் என்பதால், புத்தாண்டுக்குள் ஒட்டி முடிப்பது நல்லது. பொங்கலன்று தபால் விடுமுறை. போகிக்குள் போய்ச் சேராத வாழ்த்து மாட்டுப் பொங்கலன்றுதான் கைக்குக் கிடைக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, காணும் பொங்கல் வரை பண்டிகைதானே! டிசம்பர் 25 தாண்டிவிட்டால் கிறிஸ்துமஸ் அட்டையைப் புத்தாண்டு வாழ்த்து என்று சொல்லித்தான் சமாளிக்க வேண்டும்.

முகவரியில் வேறொரு சங்கடம். குறிஞ்சிப்பாடியில் தெருப் பெயரும் அப்பா பெயரும் இருந்தால் போதும், வீடு மாறாது. பக்கத்திலுள்ள நெய்வேலி நகரியம் அப்படியல்ல. 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தின் குடியிருப்பு அது. வட்டம், தெரு, வீட்டு எண் எல்லாம் வேண்டும். பதவி உயர்ந்தால் பெரிய குவார்ட்டர்ஸ், ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அங்கிருப்பவருக்கு அனுப்புவதென்றால், வெள்ளைக்காரரைப் போல வருடாவருடம் பட்டியலைத் திருத்தத்தான் வேண்டும்.

உறையிலும் வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் குடும்பத்தின் ஓராண்டுச் செய்தியை எழுதி உள்ளே வைத்து ஒட்டுவார்கள். நம்மவர்கள் உறையை ஒட்டாமல் மடலை உள்ளே செருகி, மேலே ‘புக் போஸ்ட்’ என்று எழுதி, குறைந்த தபால்தலையில் அனுப்பினார்கள். வழியில் யாரும் பிரித்துப் பார்க்கலாம் என்பதால் சொந்தச் சேதி எதுவும் எழுதுவதில்லை. வாழ்த்துக்குக் கீழே பெயர் மட்டும்.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. இருந்தும் கையால் செய்து அனுப்ப நினைப்பவர்கள் நெல்லையோ பாசிமணியையோ அட்டையில் ஒட்டாமலிருந்தால் நல்லது. தபால் முத்திரை குத்தும் வேகத்தில் நெல் உமியாகிவிடும்.